பதினோராவது துளை

"வாயைத் திறங்க அண்ணி. பேசாம குடிங்க."

நாத்தனார் புட்டியைச் சாய்த்தாள். உப்புப் போட்ட தண்ணீர் அண்ணியின் தொண்டையில் இறங்கியது. குடித்த கையோடு ஈரத் துண்டு ஒன்று கழுத்தில் விழுந்தது. மணிக்கட்டில் ஐஸ் கட்டி உருண்டது. துப்பாக்கி சுடும் சங்கத்தில் நாத்தனாருக்கு ஐஸ்பெட்டி என்றே பெயர். கோடைப் போட்டிக்குத் துப்பாக்கியை மறந்தாலும் மறப்பாள், நீலப் பெட்டி நிறைய ஐஸ் இல்லாமல் வரமாட்டாள்.

தகரக் கூரைக்கு அடியில் நிழல் என்று பேருக்கு ஒன்று இருந்தது. எதிரே ஐம்பது மீட்டர் வெட்டவெளி. அதற்கு அப்பால் நம்பர் போட்ட குறி அட்டைகள் கானலில் மிதந்தன. சுடுகிறவர்கள் அணியும் தடித்த ஜாக்கெட்டுக்குள் அண்ணி வெந்துகொண்டிருந்தாள். கழற்றினால் தோள் ஆடும். போட்டிருந்தால் உயிர் போகும்.

கழற்ற முடியாது. கையிலிருந்த துப்பாக்கி, சங்கம் மூன்று வருஷத்துக்கு இரவல் கொடுத்தது. அதற்குள் அணியில் இடம் பிடிக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். இன்றோடு கெடு முடிகிறது. மிச்சம் இருப்பது ஒரே அட்டை, பத்து தோட்டா. நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தால் போதும். வாரம் ஐந்து நாள் ஸ்கூல் பஸ் ஓட்டி நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்கிறவளுக்கு, குப்புறப் படுத்துக் குறி பார்க்கும் அந்த அமைதி மட்டும்தான் சொந்தம். அதுவும் போய்விட்டால் அவள் தாங்கமாட்டாள்.

நாத்தனாருக்கு அந்தக் கவலை இல்லை. அணியில் அவள் இடம் காலையிலேயே உறுதியாகிவிட்டது. நான்காவது வருஷமாகக் கோப்பையும் அவளுக்குத்தான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவளோ காலையிலிருந்து சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தால் அண்ணிக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இதைப் படிக்க யார் இருக்கா, விசிறத்தான் அச்சடிச்சிருக்காங்க என்று அவள் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"உங்க அட்டை ஏழு, என்னோடது எட்டு. கானல்ல நகர்ற மாதிரி தெரியும், நம்பரைப் பார்த்துச் சுடுங்க. போன வருஷம் பேங்க் மேனேஜர் பக்கத்து அட்டையில சுட்டுட்டு ஒரு வாரம் தலைகாட்டல."

விசில் ஊதியது. இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாய்களில் படுத்தார்கள்.

ஒன்பது தோட்டா முடிந்ததும் அண்ணி தொலைநோக்கியில் கூட்டிப் பார்த்தாள். எண்பத்தொன்று. கடைசித் தோட்டாவில் குறைந்தது ஒன்பது எடுத்தாக வேண்டும். கண்ணிமையில் வியர்வை நின்றது. கழுத்துத் துண்டு எப்போதோ காய்ந்துவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. சூடு திடீரென்று விலகியது போல் இருந்தது. எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அட்டையின் கறுப்பு வட்டம் கிணற்றில் விழுந்த நிலா மாதிரி மெல்ல ஆடி, இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. அண்ணிக்குத் தூக்கம் வருவது போல் சுகமாக இருந்தது. விரல் எப்போது அழுத்தியது என்று அவளுக்கே தெரியாது. குண்டு எங்கே போனது என்று பார்க்கக் கண்ணும் ஒத்துழைக்கவில்லை.

தலையைத் திருப்பினாள். எப்போதும் முதல் ஆளாகச் சுட்டு முடித்துவிடும் நாத்தனார் இன்னும் ஒரு தோட்டாவை வைத்துக்கொண்டு தொலைநோக்கியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாக மூச்சை விட்டு, சுட்டாள்.

அட்டைகள் வந்தன. நடுவர் ஒரு பல் டாக்டர். சொத்தைப் பல்லைத் தேடுகிறவர் போலப் பூதக்கண்ணாடியை ஒவ்வொரு துளைமேலும் நகர்த்தி இரண்டு தடவை எண்ணினார்.

"ஏழுல பதினொண்ணு இருக்கு. எட்டுல ஒன்பதுதான்." அண்ணியைப் பார்த்தார். "ஒன்பது தோட்டா வரைக்கும் குறிச்சு வெச்சிருக்கோம். மிச்சம் ரெண்டுல ஒண்ணு நட்டநடுவுல, பத்து. இன்னொண்ணு ஓரத்துல, அஞ்சு. உங்களுது எதும்மா?"

"தெரியல டாக்டர். கண்ணைக் கட்டிடுச்சு."

நாத்தனாரைக் கேட்டார். நம்பர் மாறிவிட்டது, எங்கே பட்டதென்று தெரியாது என்று அவள் தலைகுனிந்தாள்.

"எது யாருதுன்னு தெரியலைன்னா, உயர்ந்தது அட்டைக்கு உரியவருக்கு. விதி அதுதான். உங்களுக்குத் தொண்ணூத்தொண்ணு."

அண்ணி துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். நாத்தனாருக்குக் கடைசித் தோட்டா பூஜ்யம். கோப்பை பேங்க் மேனேஜர் கைக்குப் போனது. ஐஸ்பெட்டியே உருகிவிட்டதே என்று அவர் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

நாத்தனார் கூரைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நெற்றியில் ஐஸ் வைத்தாள்.

"எனக்கு இவ்வளவு செஞ்சியே, உன்னை நீ பார்த்துக்கிட்டியா? வெயில்ல பதறவே கூடாது. கடைசிக் குண்டு போனப்போ நான் எப்படி இருந்தேன் தெரியுமா? அப்படியே குளுகுளுன்னு, கனவு மாதிரி. அதான் நடுவுல போய் உக்காந்திருக்கு."

"ஆமா அண்ணி. எனக்குத்தான் மண்டை காஞ்சிடுச்சு."

பாவமாக இருந்தது. அண்ணி கீழே கிடந்த விதிமுறைப் புத்தகத்தை எடுத்து அவளுக்கு விசிறத் தொடங்கினாள். இரண்டாவது வீச்சில் புத்தகம் தானாக விரிந்துகொண்டது. ஓரம் மடித்த பக்கம். வியர்வையில் ஊறிய தாளில், பென்சிலால் இரட்டைக் கோடு போட்ட ஒரே ஒரு வரி: 'எது எவருடையது என்று அறிய இயலாதபோது, உயர்ந்த மதிப்பு அட்டைக்கு உரியவரையே சேரும்.'

"ஏன் அண்ணி நிறுத்திட்டீங்க?" என்றாள் நாத்தனார், கண்ணைத் திறக்காமலே. "விசிறுங்க."