வட்டத்தின் மேல் ஒரு கோடு

சுயம்புவின் மகள் நீச்சல் வகுப்பில் மயங்கி விழுந்திருந்தாள். அவளுடைய ஈசிஜியைப் பார்த்த இதய மருத்துவர், ஒரு தாளில் அவர்கள் வம்சத்தைச் சதுரங்களும் வட்டங்களுமாக வரைந்தார். பெண்களுக்கு வட்டம். இறந்தவர்கள் என்றால் குறுக்கே ஒரு கோடு.

“குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?”

செத்தவர்களை இவர் எதற்குக் கிளறுகிறார்? சுயம்புவுக்குச் சந்தேகமாக இருந்தது. “அப்படி யாரும் இல்ல.”

“உங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்கள்ல?” என்றாள் மனைவி.

“அது வேற. கெணத்துல விழுந்துட்டா.”

“நீச்சல் தெரியாதா?” என்றார் மருத்துவர்.

தெரியும். கிணற்றில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் அது தற்கொலை என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். எவனுடைய கடிதமாவது சிக்குமா என்று அவள் பெட்டியைக் குடைந்ததே சுயம்புதான். அவள் படத்தைக்கூட மாட்டவில்லை.

“நீந்தும்போதே துடிப்பு தடுமாறியிருக்கலாம். இது பரம்பரையா வர்றது. மகளுக்கு மருந்து இருக்கு. உங்களையும் பாக்கணும்.” மருத்துவர் புதிதாக ஒரு வட்டம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்தார். “அவங்க பேரு?”

மனைவியும் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடங்களில் அவளும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை.