எத்திராஜ் தராத தண்ணீர்

முதல் தப்பு எத்திராஜ் மேல்தான். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

சாகக் கிடந்தவன் தண்ணீர் கேட்டேன். டம்ளரைத் தட்டிவிட்டான். மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க.

நான் அங்கே ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். காலை ஷிப்ட் முடிந்து ரோட்டுக்கு வந்தேன். தப்பான பக்கத்தில் வந்த பைக் இடித்தது. ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தியது. விழுந்தேன், எழுந்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"ஒண்ணியும் இல்ல அண்ணாத்தே, குந்து," என்று டீக்கடை பால்ராஜ் ஸ்டூல் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. உட்கார்ந்தால் நிற்க வேண்டும் போலிருந்தது, நின்றால் படுக்க வேண்டும் போலிருந்தது. வெயில் கொளுத்துகிறது, எனக்கு மட்டும் குளிர். வேர்வை ஐஸ் மாதிரி வழிந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"பால்ராஜு, தண்ணி குடுய்யா."

அவன் டம்ளரை நீட்டும்போதுதான் எத்திராஜ் வந்து சேர்ந்தான்.

அவன் அப்பா நிலத்தில் என் அப்பா கூலி வேலை செய்தவர். அந்த வீட்டில் என் அப்பாவுக்கு டம்ளர் கிடையாது. மேலேயிருந்து கையில் ஊற்றுவார்கள், குனிந்து குடிக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நிலமெல்லாம் கம்பெனி ஆகிவிட்டது. குனிந்த அந்த முதுகு எனக்கு மறக்கவில்லை.

எத்திராஜ் என் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தான், மார்க்கெட்டில் கத்திரிக்காய் பார்க்கிற மாதிரி. வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது.

"தண்ணி குடுக்காத!" என்று டம்ளரைத் தட்டிவிட்டான்.

"இன்னாபா நீ, பாவம், ஒரு வாய் கேக்கிறாரு!" என்றான் பால்ராஜ்.

"ஒரு சொட்டு உள்ள போவக்கூடாது. படுக்க வை. ஆட்டோவைக் கூப்புடு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கப்பனுக்குக் கையிலயாவது ஊத்துனீங்க. எனக்கு அதுவும் இல்லியா?"

அவன் என்னைத் தரையில் படுக்க வைத்தான். என் தலைக்கு யாரோ சுருட்டி வைத்த துண்டையும் உருவிப் போட்டான். அப்புறம் எனக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள்தான் தெளிவாகக் கண் விழித்தேன். மண்ணீரல் கிழிந்து, அதை எடுத்துவிட்டிருந்தார்கள். டாக்டரம்மா வந்ததும் முதல் வேலையாகப் புகார் சொன்னேன்.

"அன்னிக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்திருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமாம்மா?"

"ரத்தம் உள்ளுக்குள்ளேயே கொட்டிடுச்சு தாத்தா. இருக்கிற கொஞ்சத்தை உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பிடும். அதான் கை சில்லுன்னு போச்சு, நகம் வெளுத்துச்சு. அதான் அவ்ளோ தாகம், ஒரு இடத்துல இருக்க முடியாத தவிப்பு. இதைத்தான் நாங்க ஷாக்குனு சொல்றது. அந்த நேரத்துல வயிறு வேலை செய்யாது. தண்ணி குடிச்சிருந்தா, மயக்க மருந்து குடுக்கும்போது வாந்தியாகி மூச்சுக்குழாய்ல போயிருக்கும். ஆமா, தலையைத் தாழ்த்தி, உங்க காலைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு வந்தது யாரு? அதுலதான் மூளைக்கு ரத்தம் போச்சு."

என் மனைவி நாகவல்லி தலையைக் குனிந்தாள்.

"எத்திராஜு அண்ணன்தான். ஆஸ்பத்திரி வாசல்ல நானே பாத்தேன். ஆட்டோல கீழ குந்திகினு, உன் ரெண்டு காலையும் தோள்மேல வெச்சிகினு வந்தாரு. நீ அவரு மூஞ்சிலயே ஒதைச்சிகினு வந்த."

என் கால், அவன் தோளில்.

சரி. காப்பாற்றினான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக டம்ளரை விட்டுவிட முடியுமா?

தையல் பிரித்த மறுநாளே அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"எத்திராஜு, இப்ப குடிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஒரு டம்ளர் தண்ணி குடு. உன் கையால."

என்னையே பார்த்தான். உள்ளே போனான். டம்ளரோடு நிலைப்படி வரைக்கும் வந்தான். நீட்டப் போனவன் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பாதி தரையில் கொட்டியது. மீதியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

"பாத்தியாம்மா?" என்றேன் அவன் மனைவி வரலட்சுமியிடம். "தோள்ல காலை வெச்சிக்க முடியுது. கையில தண்ணி குடுக்க மட்டும் மனசு வரல."

அவள் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அது இல்லண்ணா. வேலப்பன்சாவடில லாரி இடிச்சி இவரு தம்பி வெங்கட் வுழுந்தப்போ, உங்கள மாதிரிதான் துடிச்சாரு. ஒரு சொட்டு ரத்தம் இல்ல. தண்ணி தண்ணின்னாரு. இவருதான் மடியில சாய்ச்சிகினு சொம்பு நெறைய குடுத்தாரு. ஆபரேஷனுக்கு மயக்கம் குடுத்தப்போ அந்தத் தண்ணிதான் மூச்சுல ஏறி ஆளே போய்ட்டாரு. நகத்த அழுத்திப் பாக்கறது, கால தூக்கி வெக்கிறது எல்லாம் அப்பறம் ஆஸ்பத்திரில கேட்டுத் தெரிஞ்சிகினாரு. அன்னிலேர்ந்து இவரு கையால யாருக்கும் தண்ணி குடுத்ததில்ல. எனக்குக்கூட."

துடைத்துவிட்டு எழுந்து, ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்து அவளே என்னிடம் நீட்டினாள்.

"வேணாம்மா," என்றேன். "அவன் கையாலயே வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். எனக்குச் சேர வேண்டிய அந்த ஒரு டம்ளர் தண்ணீரை அவன் இன்னும் தரவில்லை.