ஆளில்லாத மதியக் காட்சி

"எங்கம்மா உட்கார்ந்து படம் பாக்கணும் சார். அதுக்கு நீங்க அனுமதி குடுக்கணும்."

தியேட்டர் மேனேஜர் வாயருகே கொண்டுபோன டீயை அப்படியே நிறுத்தினார். துடைப்பமும் கையுமாகப் பக்கத்தில் நின்ற அம்மா, மகளின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். படியேறும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "வேற எது வேணா கேளு. இதை மட்டும் வாயத் திறந்து கேட்டுடாத. என் வேலைக்கு உலை வெச்சுடாத."

மகள் கேட்டேவிட்டாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பயந்து பேசுவது என்ற பாடத்தை மட்டும் அங்கே யாரும் நடத்தவில்லை.

"என்ன பாப்பா திடீர்னு?"

"பாப்பா இல்ல சார், வேலைக்குப் போறேன். கீழ போர்டைப் பாத்தேன். அதான் வந்தேன்."

கீழே முகப்பில் புதிதாக ஒரு போர்டு. 'எங்கள் ஊழியர்களுக்கு இந்த ஆண்டு பிடித்த படங்கள்.' டிக்கெட் கவுன்ட்டர், கேன்டீன், பார்க்கிங் என்று எல்லாரும் ஓஹோவென்று ஓடிய படங்களையே சொல்லியிருந்தார்கள். கடைசியாக, துப்புரவுப் பணிக்கு நேரே, யாரும் கேள்விப்படாத மூன்று படங்கள்.

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்க்கா, ஊரே கொண்டாடின படமெல்லாம் இருக்க, உங்களுக்கு இந்த மூணுதான் கிடைச்சுதா? மூணும் வந்த வேகத்துல படுத்துடுச்சு. கூட்டம் இல்ல, குப்பை இல்ல, பெருக்குற வேலை மிச்சம். அதானே?"

"ஐயோ, அப்படி இல்ல சார்!" பயம் போய் அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. "நல்லா ஓடுற படத்துல எனக்குக் கடைசிச் சண்டை மட்டும்தான் கிடைக்கும். முடியப்போற நேரம்தானே துடைப்பத்தோட கதவுக்கிட்ட வந்து நிப்பேன்? வில்லன் விழுவான். எதுக்கு விழுறான்னே தெரியாது. லைட்டப் போட்டுடுவாங்க. இந்த மூணுதான் சார் பேர் போடுறதுலேர்ந்து பாத்தது. அந்தப் பல் டாக்டர் படம் இருக்கே, முக்காவாசிப் படம் அவன் சிரிக்கவே மாட்டான். கடைசியில ஏன் சிரிக்கிறான்னு எனக்குத் தெரியும்!"

சொல்லிவிட்டு அம்மாவும் சிரித்தாள், அந்த டாக்டரே எதிரில் நிற்பதுபோல.

"அதெப்படி முழுசாப் பாத்தீங்க?"

"மதிய ஷோ சார். உள்ள ஆளே இல்ல. சுவரோரமா நின்னுக்கிட்டு..."

"ஓ, அந்தக் கிறுக்கன் புண்ணியமா!" மேனேஜர் மேசையைத் தட்டிவிட்டு மகளிடம் திரும்பினார். "உனக்குத் தெரியாதும்மா இந்தக் கூத்து. யாருமே வராத படமா இருக்கும். ஷோவைக் கேன்சல் பண்ணிட்டு ஏசிய நிறுத்தலாம்னு எழுந்திரிப்பேன். எவனோ ஒருத்தன் ஆன்லைன்ல ஒரே ஒரு டிக்கெட் போட்டுடுவான். எப்பவும் அதே சீட்டு, ஜே பன்னிரண்டு. ஒரு டிக்கெட் வித்தாலும் படத்தை ஓட்டியே ஆகணும், கம்பெனி சட்டம். ஓட்டுவேன். அவன் வரவே மாட்டான்! கையில மட்டும் கிடைச்சான்னா..."

"திட்டாதீங்க சார். பாவம், கடைசி நேரத்துல என்ன வேலை வந்துச்சோ," என்றாள் அம்மா. "அந்த மகராசன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

மகள் பொறுமை இழந்தாள். "சார், நான் கேட்டதுக்கு வாங்க. நின்னு பாத்தா தப்பில்ல, உட்கார்ந்தா மட்டும் என்ன குடி முழுகிடும்? ரெண்டரை மணி நேரம் நின்னுட்டு வர்ற முட்டிக்குத் தைலம் தேய்க்கறது நீங்களா, நானா?"

"கோவப்படாதம்மா. ஊழியர் யாரும் சீட்டுல உட்காரக் கூடாது. கேமராவுல பாத்தாங்கன்னா என் தலைதான் உருளும். இவ்வளவு பேசறியே, அம்மாவ வேற தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயேன்."

"கூப்பிடாமலா இருக்கேன்? லீவு போட்டா சம்பளம் போச்சுங்கறாங்க. லீவு நாள்ல கூப்பிட்டா, காசைக் கரியாக்கறேன்னு என்னை வறுத்தெடுக்கறாங்க."

"பின்ன?" என்றாள் அம்மா. "தியேட்டர்ல வேலை பாத்துக்கிட்டு, எவளாவது காசு குடுத்துப் படம் பாப்பாளா?"

மேனேஜர் இரண்டு கைகளையும் விரித்தார். "கேட்டியா? நான் என்ன பண்ணட்டும்? சீட்டு, டிக்கெட் வாங்கினவங்களுக்குத்தான். வாங்கின ஆள் நேர்ல வந்து, 'எனக்குப் பதிலா இந்த அக்கா உட்காரட்டும்'னு சொல்லட்டும். எனக்கென்ன வந்துச்சு? நானே கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கிறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாற மாட்டேன் போ."

மகள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வந்த வேகம் முகத்தில் இல்லை. வேலை தப்பித்த நிம்மதியில் அம்மா பெருமூச்சு விட்டாள்.

"அவ்வளவுதானா? கோவமாவே போறியே," என்றார் மேனேஜர்.

"கோவமெல்லாம் இல்ல சார். இதைக் கேட்கத்தான் வந்தேன்." கதவைத் திறந்தவள், வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தாள். "வர்ற புதன்கிழமை மதிய ஷோவுக்குச் சுவரோரமா போய் நிக்காதம்மா. சாருக்குச் சிரமம் குடுக்காம நீயே போய் ஜே பன்னிரண்டுல உட்காரு, வாங்கினவ நேர்ல வந்து சொல்லிட்டேன்" என்றவள், விறுவிறுவென்று படியிறங்கினாள்.