ஓசிச் சூடு

"எழுந்திருங்க, இப்ப என் முறை."

மனைவி சொன்னதும் டெய்லர் முனகிக்கொண்டே சுவரை விட்டு நகர்ந்தார். முதுகெல்லாம் சுண்ணாம்பு. அந்த வீட்டில் எல்லோர் முதுகிலும் சுண்ணாம்புதான். குளிர் ஆரம்பித்ததிலிருந்து குடும்பமே அந்த ஒரு சுவரில்தான் குடியிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ரிட்டயரான பஸ் கண்டக்டர், தனிக்கட்டை. சுவரை ஒட்டி ஹீட்டரை வைத்து, சாயங்காலமே போட்டுவிடுவார். சுவரோ நோஞ்சான். அவர் இருமினால் இங்கே கேட்கும். ஹீட்டரைப் போட்டால் இங்கே முதுகு இதமாகச் சுடும். இதைக் கண்டுபிடித்தது, வேலைவெட்டி இல்லாமல் டெய்லர் வீட்டில் வந்து தங்கியிருந்த மச்சான். சாய்ந்து உட்காருவதைத் தவிர அவன் வேறெதுவும் செய்ததில்லை, அதனால் பெருமை அவனுக்குப் போனது.

"நாமளும் ஒரு ஹீட்டர் வாங்கிடலாமே அத்தான்?"

"யாராவது சும்மா கொடுத்தாக்கூட வேணாம்ப்பா. கரண்டுக்கு யார் அழறது? பேசாம சாய்ஞ்சு உக்காரு."

இந்த ஓசிச் சூட்டில்தான் மகளின் இருமல் அடங்கியிருந்தது. போன குளிர் முழுக்கக் குழந்தை இருமிக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் கண்டக்டரே ஒரு பெரிய பையோடு வந்து நின்றார்.

"இந்த ஜிப்பைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க டெய்லர். தங்கச்சி வீட்டுக்குப் போறேன். குளிர் முடிஞ்சுதான் வருவேன்."

டெய்லரின் கையிலிருந்து கத்தரி நழுவியது.

"ஏன் சார்? உங்ககிட்டதான் ஹீட்டர் இருக்கே?"

"இருந்து என்ன பண்ண? எவ்வளவு போட்டாலும் ரூம்ல சூடே நிக்கல. வேலையில இருந்தப்ப டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே பிடிச்சுடுவேன். இந்தச் சூடு எங்க இறங்கிப் போகுதுன்னுதான் பிடிக்க முடியல."

மச்சான் மெதுவாகத் தன் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

பையை வைத்துவிட்டு அவர் போனதும் வீடு இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. டெய்லர் மனைவிக்குக் கண் கலங்கியது.

"அவர் போயிட்டா குழந்தை கதி என்னங்க?"

"ஜிப்பைத் தைக்காதீங்க அத்தான். பை இல்லாம எப்படிப் போவார்?" என்றான் மச்சான்.

"நீ சும்மா இரு. அவருக்குக் குளிருது, அதனால போறார். குளிராம பண்ணிட்டா இங்கயே இருப்பார். நான் எதுக்கு டெய்லர்னு இருக்கேன்? பஞ்சு வெச்சு ஒரு கோட்டு தைச்சுத் தர்றேன்."

"பஞ்சுக்கு எங்க போவீங்க?"

டெய்லர் கட்டிலைப் பார்த்தார். மனைவிக்குப் பகீரென்றது.

"நம்மகிட்ட இருக்கிறதே அந்த ஒரு பஞ்சுப் போர்வைதாங்க."

"சுவர் இருக்கிறப்ப போர்வை எதுக்கு?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. போர்வையைப் பிரித்தார்கள். டெய்லர் தன் வித்தை மொத்தத்தையும் அந்தக் கோட்டில் இறக்கினார். காலர் காது வரை, நீளம் முழங்கால் வரை. போட்டுக்கொண்டு நின்றபோது கண்டக்டர், சுருட்டி நிறுத்திய மெத்தை மாதிரி இருந்தார். இரண்டு நடை நடந்ததும் அவருக்கு நெற்றியில் வேர்த்தது. கண்ணும் கலங்கிவிட்டது.

"எனக்காக யாரும் இப்படி ஒண்ணு தைச்சதில்ல டெய்லர். நான் எங்கயும் போகல."

அன்று சாயங்காலம் எல்லோரும் வெற்றிக்களிப்போடு வரிசையாகச் சாய்ந்தார்கள். சுவர் ஜில்லென்று இருந்தது.

"இப்பத்தான் போட்டிருப்பார். காய வேணாமா?" என்றார் டெய்லர்.

காயவில்லை. மறுநாளும் காயவில்லை. குழந்தை மறுபடி இருமத் தொடங்கியது.

"ஏங்க," என்றாள் மனைவி, "அப்படியொரு கோட்டைப் போட்டுக்கிட்டு அவர் ஹீட்டரை எதுக்குப் போடப் போறார்?"

டெய்லர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அதுவும் நம்ம போர்வையில தைச்சது," என்று மச்சான் எடுத்துக் கொடுத்தான்.

அப்போது கதவு தட்டப்பட்டது. கோட்டும் கையுமாக, இல்லை, கோட்டும் ஹீட்டருமாகக் கண்டக்டர்.

"உங்க கோட்டு வந்தப்புறம் எனக்கு இது தேவைப்படல டெய்லர். குழந்தை இருமறது அங்க கேட்டுது. மனசு கேக்கல. இந்தாங்க, வெச்சுக்குங்க."

"ஐயோ, வேணாம் சார், கரண்டு..."

அதற்குள் மகள் ஓடிவந்து ஹீட்டரைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, இது நமக்கா?"

அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல டெய்லருக்கு நாக்கு எழவில்லை. மனைவி மூக்கைச் சிந்தினாள். எவ்வளவு நல்ல மனுஷன், அவர் சூட்டைப் போய் இத்தனை நாள் திருடினோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

கண்டக்டர் தானே உள்ளே வந்து, இடம் பார்த்து, அந்தச் சுவரை ஒட்டி ஹீட்டரை வைத்துவிட்டுப் போனார்.

டெய்லர் சுவிட்சில் கை வைத்தபடி கரண்டு பில்லை நினைத்துத் தயங்கி நின்றார். அந்தப் பக்கம் கரகரவென்று எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, கட்டில் ஒன்று சுவரில் 'டொக்'கென்று இடித்து நின்றது.

பிறகு கண்டக்டரின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல அவ்வளவு தெளிவாக வந்தது.

"இன்னும் ஜில்லுனுதான் இருக்கு டெய்லர். சீக்கிரம் போடுங்க, இப்ப என் முறை."