உப்புச் சுவர்

திருவொற்றியூர்க் குப்பத்தில் வீடு வீடாகக் கொசு மருந்து அடித்த வருடம் அது. தேசம்மா வீட்டுச் சுவர் முழுக்க டி.டி.டி. வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

"நாய உள்ள வுடாதம்மா. நக்கிச்சுன்னா செத்துப்பூடும்," என்று சொல்லிவிட்டு மருந்துக்காரர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

கரியன் நக்குகிற நாய்தான். கடற்காற்றில் சுவரில் படியும் உப்புக்காக அடுப்பு மூலையைத் தினமும் நக்கும். அதனால் தேசம்மா கதவைப் பூட்டினாள். கரையில் கிடந்த கட்டுமரத்தில் நாயைக் கட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கருவாடு காயவைத்தாள்.

சாயங்காலம் கதவைத் திறந்தாள். அடுப்பு மூலையில், நாய் உயரத்தில், மருந்து இல்லை. அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. பதறி ஓடிப்போய்க் கரியனின் வாயைப் பிளந்து பார்த்தாள். நாக்கு சிவப்பாகத்தான் இருந்தது.

வலையோடு வந்த கணவன் பொன்னுரங்கம் சிரித்தான். "வேற எதுனா நாயி பூந்துகீது."

"சன்னலே இல்லாத வூட்டுல எப்டிய்யா பூரும்?"

அவன் உள்ளே தேடினான். ஒன்றும் இல்லை. தானே கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். தேசம்மா கரியனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் உள்ளே சளக், சளக் என்று நக்கும் சத்தம் கேட்டது.

"இன்னாம்மே அது?" என்றான் பொன்னுரங்கம்.

அவள் மடியில் கரியன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் அதன் வாயைப் பிளந்தாள்.

நாக்கு வெள்ளையாக இருந்தது.