கடைசியில் நடந்தவள்

மலையேற்ற விழாவின் காலை நடையில் அக்காதான் வழிகாட்டி. யாரும் பின்தங்காமல் பார்த்தபடி வரிசையின் கடைசியில் வருவது தங்கையின் வேலை. பனிமூட்டத்தில் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. இருப்புக்கொள்ளாமல் திருப்பத்துக்குத் திருப்பம் வாக்கிடாக்கியில் கேட்டாள் அக்கா.

"வாலு, எல்லாரும் வராங்களா?"

"பன்னெண்டு பேரும் வராங்கக்கா. நீ நட."

பன்னிரண்டு பேரும் பத்திரமாகத் திரும்பினார்கள். விழாக் கூடாரத்தில் தங்கை காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்பும்போதே சுளுக்கிடுச்சுக்கா. கத்துனேன், நீ திரும்பியே பாக்கல."

அவளுடைய வாக்கிடாக்கி மேசைமேல் அணைந்து கிடந்தது.

"அப்போ என் பின்னாடியே பேசிட்டு வந்த பொண்ணு யாரு?" என்றார், வரிசையில் கடைசியாக நடந்த ஆசிரியர்.

அக்காவின் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா, என்னை மட்டும் விட்டுட்டுப் போயிட்டியே?"

தன் குரலைக் கேட்ட தங்கை, அக்காவின் கையை இறுகப் பிடித்தாள்.

"பதில் சொல்லாதக்கா."