ஒரே உறிஞ்சல்

"மேடம், நத்தை சாப்பிடுவீங்களா? இல்ல முட்டை பொரிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டாள் சுக்ராணி.

"நத்தையே வைங்க" என்றாள் காட்மாண்டுவிலிருந்து வந்திருந்த பெண்.

"இந்த ஊர்ல தாரு இனத்துப் பொம்பளைங்க இத்தனை பேர் டூரிஸ்ட்டுங்களுக்கு வீட்டுல ரூம் விடுறீங்க. இவ உங்க வீடுதான் வேணும்னு அடம்பிடிச்சா" என்றான் அவள் கணவன்.

"என் சமையல் பேரு காட்மாண்டு வரைக்கும் வந்துடுச்சா!"

அவன் நத்தையை வாயில் வைத்து முகம் சிவக்க உறிஞ்சினான். ஒன்றும் வரவில்லை.

"பரவால்ல சார். போன வாரம் வந்த ஆபீசர் குத்தி எடுக்கக் குண்டூசி கேட்டாரு" என்று சுக்ராணி சிரித்தாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றாள் அந்தப் பெண்.

"ஒரே பையன். மலேசியாவுல இருக்கான்."

"பொண்ணு?"

"இல்ல மேடம்." சுக்ராணி அடுப்பை ஊதத் திரும்பிக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் 'சுர்ர்' என்று ஒரு சத்தம். அந்தப் பெண்ணின் ஒரே உறிஞ்சலில் நத்தை ஓட்டை விட்டு வந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் யாருக்கும் அது கைவந்ததில்லை.

"யார் மேடம் கத்துக்குடுத்தாங்க?"

"எங்கம்மா. வீட்டு வேலைக்குன்னு எட்டு வயசுல என்னை பஸ் ஏத்தி விட்டாங்களே, அன்னிக்குக் காலையில. இதே அடுப்புகிட்ட வச்சு."

ஊதுகுழல் சுக்ராணியின் கையிலிருந்து நழுவியது.

"ஏம்மா பொண்ணு இல்லன்னு சொன்னே?"

"பொண்ணு இருக்குன்னு சொன்னா, எங்கேன்னு கேக்குறாங்கடி" என்றாள் சுக்ராணி, திரும்பாமலே.